பள்ளிக் கட்டட லெவி: இந்த முறை என் ஓட்டு ஏன் 'வேண்டாம்'

வாக்குச்சீட்டு வந்து ஐந்து நாளாயிற்று. வாஷிங்டன் மாநிலத்தில் எல்லாருக்கும் தபால் ஓட்டுதான், வரிசையில் நிற்கிற வேலை இல்லை, அதனால் உறை சமையலறை மேசையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிறது. பிப்ரவரித் தேர்தல் என்பதால் அதில் இருப்பது ஒரே கேள்வி. எங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்துகிற பள்ளி மாவட்டம் ஆறு வருடத்துக்குக் கட்டட லெவி, அதாவது பள்ளிக் கட்டடத்துக்கென்று சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கிற பணம், கேட்கிறது, கொடுக்கலாமா வேண்டாமா?

போன சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில், நான் வேண்டாம் என்று போடப்போகிறேன் என்று சொன்னதும் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள், "அண்ணா, நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? உங்க பொண்ணும் அந்த போர்ட்டபிள்லதானே படிக்கிறா?" ஆமாம், அங்கேதான் படிக்கிறாள். போர்ட்டபிள் என்றால் லாரியில் கொண்டுவந்து இறக்கிய தற்காலிக வகுப்பறை. தற்காலிகம் என்று பெயர், வருடக்கணக்காக அங்கேயே நிற்கிறது. உள்ளே கழிப்பறை கிடையாது. நவம்பர் மழையில் பிள்ளைகள் ஹூடியை இழுத்துவிட்டுக்கொண்டு இரும்புச் சரிவில் இறங்கிப் பிரதான கட்டடத்துக்கு ஓடிவிட்டு ஓடிவருகிறார்கள், திரும்பி வரும்போது காலுறை நனைந்திருக்கும். அவள் ஷூவைக் காயவைப்பது எங்கள் வீட்டில் தினசரி வேலை. ஆகவே கட்டடம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. இந்த லெவியை, இது எழுதப்பட்டிருக்கிற விதத்தில், கொடுக்கலாமா என்பதுதான் எனக்குக் கேள்வி. அதற்கு நான்கு வழிகள் இருப்பதாக எனக்குப் படுகிறது, அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும், நம் ஆட்கள் பலர் பாண்டையும் லெவியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பாண்ட் என்பது கடன். மொத்தப் பணமும் முன்னாலேயே வந்துவிடும், நாம் பெரும்பாலும் இருபது வருடம் வட்டியோடு கட்டுவோம். அது நிறைவேற 60 சதவீத ஓட்டு வேண்டும், அத்தோடு ஓட்டுப் போட்டவர்கள் எண்ணிக்கை முந்தைய பொதுத்தேர்தலில் போட்டவர்களில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். லெவி கடன் இல்லை. வருடா வருடம் நம்மிடம் வசூலித்து அந்தப் பணத்தில் கட்டுவார்கள், கட்டட லெவி அதிகபட்சம் ஆறு வருடம். பள்ளி லெவிக்கும் ஒரு காலத்தில் 60 சதவீதம்தான் கேட்டார்கள், 2007 நவம்பரில் மாநில அரசியலமைப்பைத் திருத்தி அதைச் சாதாரணப் பெரும்பான்மை ஆக்கினார்கள். எத்தனை பேர் ஓட்டுப் போட வேண்டும் என்ற வரம்பும் அதற்கு இல்லை. எனவே பாண்ட் கேட்டு 60ஐ எட்ட முடியாத மாவட்டம், அடுத்த முறை அதே கட்டடங்களில் சிலவற்றை லெவியில் கேட்கலாம், பாதிக்கு மேல் ஒரு ஓட்டு கிடைத்தால் போதும். சட்டப்படி இதில் தவறே இல்லை. ஆனால் பாதிப் பேர் வராத பிப்ரவரித் தேர்தலில், வந்தவர்களில் பாதிப் பேர் ஊர் முழுக்கவும் ஆறு வருடத்துக்குக் கட்டப்போவதை முடிவுசெய்கிறார்கள் என்றால், வாசல் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குக் கணக்கு கறாராக இருக்க வேண்டாமா?

வரிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் டாலர் மதிப்புக்கு 60 சென்ட் என்று வைத்துக்கொண்டால், பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு வருடத்துக்கு 600, ஆறு வருடத்தில் 3,600 டாலர். வீட்டு விலை ஏறினால் லெவியும் ஏறிக்கொண்டே போகும் என்று பலர் பயப்படுகிறார்கள், அது சரியில்லை. இங்கே மாவட்டம் கேட்பது ஒரு மொத்தத் தொகையை, ஊரில் எல்லார் வீட்டு மதிப்பும் ஒன்றாக ஏறினால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்கிற விகிதம் தானாக இறங்கிவிடும். எதிர்ப்பவர்கள் இதைத் தப்பாகச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் நம் பக்கம் ஒரு கணக்கு தப்பினால் மீதிக் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள்.

அதேபோல "வரி விகிதம் ஏறாது" என்று மாவட்டத்தின் அட்டையில் அச்சடித்திருப்பதையும் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். பழைய பாண்ட் ஒன்றின் தவணை முடிகிறது, அந்த இடத்தில் இந்த லெவி உட்காருகிறது, அதனால்தான் ஏறாது. லெவி இல்லையென்றால் வரி இறங்கியிருக்கும். அந்த இறக்கத்தைத்தான் நம்மிடம் கேட்கிறார்கள், கேட்கட்டும், ஆனால் அப்படியே சொல்லிக் கேட்கலாம். டெக்சாஸில் 2019இல் வந்த ஒரு சட்டப்படி பள்ளி பாண்டுக்கான வாக்குச்சீட்டிலேயே 'இது சொத்து வரி உயர்வு' என்று அச்சிட வேண்டும். அது மறுபக்கம் ரொம்பச் சாய்ந்துவிட்டதாகவே நினைக்கிறேன், வரி விகிதம் இறங்கினாலும் அந்த வாசகம் இருந்தாக வேண்டும் என்பது நியாயமாகப் படவில்லை. எனக்கு வேண்டியது ரொம்பச் சின்னது: லெவி வந்தால் இவ்வளவு, வராவிட்டால் இவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எண்.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு சரி என்று போடுவது முதல் வழி. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இதற்குப் பின்னால் வலுவான காரணங்கள் இருக்கின்றன. பள்ளி கட்டுவது மாநில அரசின் கடமை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2012இல் மக்ளீரி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அடிப்படைக் கல்விக்கு மாநிலம் முழுமையாகப் பணம் தர வேண்டும் என்றது, தராமல் இழுத்ததற்கு 2015இல் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம்கூடப் போட்டது. ஆனால் கட்டடம் அதில் சேராது. வகாயகம் என்கிற சின்னக் கிராமப்புறப் பள்ளி மாவட்டம் எங்களால் பாண்ட் நிறைவேற்ற முடியவில்லை, கட்டடம் இடிந்துகொண்டிருக்கிறது, மாநிலமே கட்டித் தர வேண்டும் என்று வழக்குப் போட்டது. 2023இல் அதே நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது, கட்டடச் செலவு மாநிலமும் உள்ளூரும் பகிர்ந்துகொள்ள வேண்டியது என்றது. மாநிலத்தின் கட்டட உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது, அது உண்மையான செலவில் ஒரு பங்கைத்தான் தாங்கும். மீதி நம் தலையில்தான். அதற்கு மேல், இந்த மாநிலத்தில் பள்ளிக் கட்டடம் கட்டினாலும் விற்பனை வரி உண்டு, சியாட்டில் இருக்கிற கிங் கவுண்டியில் அது கிட்டத்தட்ட 10 சதவீதம். கட்டடம் ஏன் இவ்வளவு விலை என்று மாவட்டத்தைத் திட்டும்போது, அதில் பத்தில் ஒரு பங்கு அவர்கள் கையில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வருடம் தள்ளிப்போட்டால் கூலியும் சிமென்டும் கொஞ்சம் ஏறும். இதெல்லாம் உண்மை.

அடுத்தது எப்போதும் வேண்டாம் என்பது. எங்கள் தெருவில் இப்படிச் சிலர் இருக்கிறார்கள், எந்த லெவி வந்தாலும் வேண்டாம்தான். எதிர்வீட்டுப் பாட்டி அவர்களில் ஒருவர். 61 வயது ஆகி வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் இந்த லெவிகளிலிருந்து விலக்கு உண்டு, அவருக்குக் கணவரின் பென்ஷன் அந்த வரம்பைக் கொஞ்சம் தாண்டுகிறது, அதனால் முழுதும் கட்டுகிறார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கூட்டத்தில் சிலர், ஆசிரியர்களைக் குறைத்துவிட்டுக் கட்டடம் கட்டுகிறார்களே என்று கேட்கிறார்கள், அந்தக் கேள்வி தப்பு. கட்டடத்துக்கு என்று வாங்கிய பணத்தைச் சட்டப்படி ஆசிரியர் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது. கட்டட லெவியைத் தோற்கடித்தால் ஒரு ஆசிரியர்கூடத் திரும்ப வரமாட்டார், போர்ட்டபிள் மட்டும் அங்கேயே நிற்கும். இந்த வழியில் நான் போகமாட்டேன்.

மூன்றாவது வழிதான் என்னை ரொம்ப நாள் பிடித்துவைத்திருந்தது. இப்போது சரி என்று போட்டுவிடு, கணக்கை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். என் மனைவி இந்தப் பக்கம்தான், இன்னும் மாறவில்லை. பிள்ளைகளைப் பணயம் வைத்துக் கணக்குக் கேட்கக் கூடாது என்கிறாள், அதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. எனக்கு இந்த வழியில் நம்பிக்கை போனதற்குக் காரணம் போன லெவி. அப்போது சரி என்றுதான் போட்டேன். அப்புறம் கணக்குக் கேட்டேன்.

நூலகத்தில் நடந்த விளக்கக் கூட்டத்தில் என் கேள்வி ஒன்றே ஒன்று: போன முறை பட்டியலில் இருந்த ஒவ்வொரு வேலைக்கும் சொன்ன தொகை எவ்வளவு, ஆன தொகை எவ்வளவு? வண்ண வண்ணமாக முப்பது ஸ்லைடு காட்டினார்கள், ஒன்றிலும் அது இல்லை. தேடி அனுப்புகிறோம் என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அனுப்பவில்லை. இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகு பொது ஆவணச் சட்டப்படி எழுதிக் கேட்டேன். 1972இல் மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம் அது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம், குடியுரிமை வேண்டியதில்லை. ஏழு வாரம் கழித்து வந்தது, ஒரே பிடிஎஃப், பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தது, சில பக்கம் தலைகீழாக. பெரும்பாலும் சேஞ்ச் ஆர்டர்கள், அதாவது ஒப்பந்தம் போட்டபிறகு வேலையை மாற்றியதற்குக் கொடுத்த கூடுதல் பணம். ஒரு வரி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வடக்கு வாசலில் கான்கிரீட் படி ஊற்றியாயிற்று, பிறகு உடைத்தாயிற்று, திரும்ப ஊற்றியாயிற்று. காரணம் என்ற கட்டத்தில் 'ஓனர் ரெக்வெஸ்ட்' என்று இரண்டே சொல். ஓனர் என்றால் மாவட்டம். அதற்குப் பணம் கட்டியது இந்த ஊர். ஏன் உடைக்கச் சொன்னார்கள், யார் சொன்னார்கள், முதல் வரைபடம் தப்பா, வரைந்தவரிடம் பணம் திரும்பக் கேட்டார்களா? ஒன்றும் இல்லை. நல்ல காரணம் இருந்திருக்கலாம், சக்கர நாற்காலிக்குச் சரிவு வேண்டியிருந்திருக்கலாம். எழுதியிருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

யாரோ திருடினார்கள் என்று நான் சொல்லவில்லை, என் கையில் அப்படி எதுவும் இல்லை. மாநில ஆடிட்டர் அலுவலகம் பள்ளி மாவட்டங்களின் கணக்கைப் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் ஆடிட் என்பது செலவு நடந்த பிறகு வருவது. சியாட்டிலில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். அங்கே பள்ளிக் கட்டட வேலைகளில் சிறு நிறுவனங்களைச் சேர்ப்பதற்கென்று ஒரு திட்டம் ஓடியது. 2011இல் மாநில ஆடிட்டர் அறிக்கை வந்தபோது 18 லட்சம் டாலர் வரை கேள்விக்குரிய செலவு என்று தெரிந்தது, அடுத்த மாதமே கல்விக் கண்காணிப்பாளரைப் பணிநீக்கம் செய்தார்கள். ஆடிட் தன் வேலையைச் செய்தது, ஆனால் அதற்குள் பணம் போயாகிவிட்டது.

சியாட்டிலையே இன்னொரு காரணத்துக்காகவும் எடுத்துச் சொல்ல வேண்டும். 2024 மே மாதம் அந்த மாவட்டம், பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், வருடத்துக்குக் கிட்டத்தட்ட 10 கோடி டாலர் துண்டு விழுகிறது, 20 தொடக்கப் பள்ளிகள்வரை மூட வேண்டியிருக்கும் என்றது. பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். அக்டோபரில் அது நான்கு பள்ளி ஆயிற்று, நவம்பரில் அந்த நான்கும் வேண்டாம் என்று கைவிட்டார்கள். அடுத்த பிப்ரவரியிலேயே 180 கோடி டாலருக்குக் கட்டட லெவி கேட்டார்கள், மக்கள் நிறைவேற்றிக் கொடுத்தார்கள். இரண்டும் வேறு வேறு பணம், மேலே சொன்ன மாதிரி ஒன்றை எடுத்து இன்னொன்றில் போட முடியாது, சரி. ஆனால் எந்தப் பள்ளி பத்து வருடம் கழித்து இருக்கும் என்று முடிவாகாத ஊரில், எந்தப் பள்ளியைப் பெரிதாகக் கட்டுவது என்று எப்படி முடிவுசெய்ய முடியும்? எங்கள் மாவட்டத்திலும் கீழ் வகுப்புகளில் பிள்ளைகள் குறைகிறார்கள், வீட்டு விலை இப்படி இருந்தால் சின்னக் குழந்தை இருக்கிற இளம் தம்பதி எங்கே வந்து குடியேறுவார்கள்? லெவிப் பட்டியலிலோ தொடக்கப் பள்ளிக்குக் கூடுதல் வகுப்பறை இருக்கிறது. அதற்குக் காரணம் இருக்கலாம், ஒரு மூலையில் புது அபார்ட்மென்ட்கள் வருகின்றன. அந்த எண்களைப் பட்டியலுக்குப் பக்கத்தில் போட்டிருந்தால் இந்தப் பத்தியையே நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஆக, நான் வந்து நிற்பது நான்காவது வழியில். இந்த முறை வேண்டாம், ஆனால் இன்னின்ன சேர்த்துக்கொண்டு திரும்பக் கேளுங்கள், நானே சரி என்று போடுகிறேன், வீடு வீடாகப் போய்ச் சொல்லவும் செய்கிறேன். தோற்ற லெவியை அதே வருடத்தில் இரண்டாம் முறை மக்கள் முன்னால் வைக்கச் சட்டம் இடம்கொடுக்கிறது. ஏப்ரலில் ஒரு தேர்தல் இருக்கிறது, ஆகஸ்டில் இருக்கிறது, நவம்பரில் இருக்கிறது. நவம்பரில் வைத்தால் ஊரே வந்து ஓட்டுப் போடும்.

என்ன சேர்க்க வேண்டும் என்பதற்குக் கலிபோர்னியாவைப் பார்க்கலாம். அங்கே பள்ளி பாண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டியிருந்தது. 2000 நவம்பரில் 39ஆம் முன்மொழிவு என்ற ஒன்றை நிறைவேற்றி 55 சதவீதம் ஆக்கினார்கள். ஆனால் சும்மா இறக்கவில்லை. 55இல் நிறைவேற வேண்டுமென்றால் எந்தெந்த வேலை என்ற பட்டியல் முன்கூட்டியே வேண்டும், வருடா வருடம் வரவுசெலவு ஆடிட்டும் வேலை எப்படி நடந்தது என்கிற ஆடிட்டும் வேண்டும், குறைந்தது ஏழு பேர் கொண்ட குடிமக்கள் கண்காணிப்புக் குழு வேண்டும். அந்தக் குழுவில் மாவட்ட ஊழியரோ ஒப்பந்தக்காரரோ பொருள் விற்பவரோ உட்கார முடியாது. வரி செலுத்துவோர் சங்கத்திலிருந்து ஒருவர், மூத்த குடிமக்கள் அமைப்பிலிருந்து ஒருவர், வணிகர் ஒருவர், பெற்றோர் என்று இடம் பிரித்திருக்கிறார்கள். வாசலைத் தாழ்த்தினார்கள், பதிலுக்கு உள்ளே விளக்குப் போட்டார்கள். நாம் 2007இல் வாசலை மட்டும் தாழ்த்தினோம்.

கண்காணிப்புக் குழு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் குழு இருந்தது, இருந்தும் பழைய அம்பாசடர் ஹோட்டல் இருந்த இடத்தில் 57.8 கோடி டாலருக்கு ஒரே பள்ளி வளாகம் எழும்பி 2010இல் திறந்தது. ஆனால் 57.8 கோடி என்று எனக்கு, கிட்டத்தட்ட இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவனுக்குத் தெரிகிறது. போன லெவியில் எங்கள் ஊரில் கட்டிய பள்ளி ஜிம்முக்கு ஆன முழுத் தொகை, பிடிஎஃப்பைத் தலைகீழாகப் பிடித்துக் கூட்டிப் பார்த்தும் எனக்குச் சரியாக வரவில்லை.

இந்த வழியில் நஷ்டம் இல்லையா என்றால், இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. லெவி தோற்றால் பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்கிற போர்டு எங்கள் நிபந்தனையைக் கேட்கும் என்று உத்தரவாதம் கிடையாது, "மக்களுக்குப் பள்ளியில் அக்கறையில்லை" என்று எடுத்துக்கொண்டு கூரை ரிப்பேரை முதலில் வெட்டலாம். வேண்டாம் என்று போட்டவர்களில் நான் எந்த வகை, எதிர்வீட்டுப் பாட்டி எந்த வகை என்று ஓட்டுப் பெட்டிக்குத் தெரியாது. அதனால்தான் ஓட்டை மட்டும் போட்டுவிட்டு உட்கார முடியாது, காரணத்தை எழுதிக் கொடுத்தாக வேண்டும். குறைந்தது ஒரு வருடம் என் மகள் அந்த இரும்புச் சரிவில் கூடுதலாக ஓடுவாள். அவள் அந்தப் பள்ளியை முடித்துவிட்டுப் போன பிறகுதான் புதுக் கட்டடம் வரும் என்றும் ஆகலாம். இதை எழுதும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருந்தும், ஆறு வருடப் பணத்தைக் கொடுத்தபிறகு கேட்கிற கேள்விக்கு என்ன மதிப்பு என்று ஏழு வாரம் காத்திருந்து பார்த்துவிட்டேன்.

இனி ஓட்டு இல்லாத நம் ஆட்களுக்கு. இங்கே வீடு வாங்கி எல்லாரையும் போல முழு வரி கட்டிக்கொண்டு, கிரீன் கார்டு வரிசையில் பத்துப் பன்னிரண்டு வருடமாக நிற்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! வாடகைக்கு இருக்கிறவர்களும் வாடகைக்குள்ளே இந்த வரியைத்தான் கட்டுகிறார்கள். குடியுரிமை இல்லாமல் ஓட்டுப் போட முடியாது, அதை முயற்சி செய்யவே கூடாது, விசாவுக்கே ஆபத்து. ஆனால் போர்டு கூட்டத்தில் எழுந்து பேச ஓட்டுரிமை வேண்டாம். ஆவணம் கேட்கவும் அது தேவையில்லை. போன மாதம் நான் பேசியபோது அறையில் பொதுமக்கள் என்று இருந்தது ஒன்பது பேர். அங்கே இருபது தமிழ்ப் பெற்றோர் உட்கார்ந்திருந்தாலே பேச்சு வேறு மாதிரி போகும்.

அடுத்த கூட்டம் வருகிற செவ்வாய் மாலை, அதே நூலகத்தில். ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். போன லெவியின் ஒவ்வொரு வேலைக்கும் சொன்ன தொகை, ஆன தொகை, முடிந்த தேதி என்று ஒரு பக்க அட்டவணை வேண்டும் என்பது என் கேள்வி. ஒவ்வொரு கட்டடத்துக்கும் பக்கத்தில் பத்து வருடத்து மாணவர் எண்ணிக்கைக் கணிப்பு வேண்டும் என்பதை, எச்-1பி வேலை விசாவில் பதினோரு வருடமாக இருக்கிற என் நண்பர் கேட்கிறார், எழுதிக் கொடுத்திருக்கிறேன், நேற்று போனில் ஒருமுறை படித்தும் காட்டினார். ஊழியரும் ஒப்பந்தக்காரரும் இல்லாத கண்காணிப்புக் குழுவை லெவித் தீர்மானத்துக்குள்ளேயே எழுத வேண்டும் என்ற மூன்றாவதைக் கேட்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. பிறந்தநாள் வீட்டில் என்னைக் கேட்ட பெண்ணிடம் கேட்டிருக்கிறேன். அவள் லெவிக்குச் சரி என்றுதான் போடப்போகிறாள், ஆனால் குழு வேண்டும் என்பதில் அவளுக்கும் மறுப்பில்லை, யோசித்துச் சொல்கிறேன் அண்ணா என்றிருக்கிறாள்.